ஜோகுபாளையத்து லவ் பேர்ட்ஸ் அக்காவுக்கு

அக்கா,

டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அதனால் இன்று காலை தினை வாங்கி வந்தேன். பையைப் பிரித்து முறத்தில் கொட்டியதும், காய்ந்த புல்லும் தவிடும் கலந்த அந்த மணம் எழுந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் வீட்டுப் பின்பக்கம் எப்போதும் இந்த மணம்தான். கல்யாணமாகி நான் ஜோகுபாளையத்துக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், பின்னால் ஒரே குழாயடி. தண்ணீர் பிடிக்க முதல் நாள் குடத்தோடு வந்தவள், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்து நின்றேன். கட்டில் நீளத்துக்குக் கம்பி வலைக் கூண்டு. உள்ளே பச்சையும் நீலமும் மஞ்சளுமாக, ஒரு சாண் நீளம்கூட இல்லாத கிளிகள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அவை கிளி என்றே தோன்றவில்லை.

"லவ் பேர்ட்ஸ்" என்றாய். "எங்க துரைசானி குடுத்துட்டுப் போனது. ரெண்டு ஜோடி. இப்ப பதினாலு."

அல்சூர் ஏரிப் பக்கத்து பங்களா ஒன்றில், அதில் யார் குடிவந்தாலும், நீதான் சமையல் வேலை பார்த்தாய். துரைசானியின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது பீரோவையும் பியானோவையும் விற்றுவிட்டார்கள். கூண்டை மட்டும் உன்னிடம் விட்டுவிட்டார்கள். "இதுங்க அந்த ஊர்ப் பறவையாம். அந்த ஊர்க்காரங்கள இங்க விட்டுட்டு, அவங்க தெரியாத ஊருக்குப் போறாங்க" என்று சிரித்தாய். அவற்றைத் திட்டும்போது மட்டும் இங்கிலீஷில் திட்டுவாய். "நோ! பேட் கேர்ள்!" என்று நீ அதட்டுவதைக் கேட்டு நான் சிரிப்பேன். "சின்ன வயசுல கேட்ட பாஷைதானே புரியும்" என்பாய்.

உனக்கு அப்போது முப்பது இருக்குமா? புருஷன் போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை. ஆனால் அதைச் சொல்லி நீ பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. தெருவில் எல்லாருக்கும் நீ 'லவ் பேர்ட்ஸ் அக்கா'.

எனக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது, நாலு மாதம் கழித்து. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள். நீ வந்தாய், உட்காரவில்லை. ஒரு தினைக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாய்.

"இதுல தீனி இருக்கா, சொல்லு."

"நெறைய இருக்கே அக்கா."

"ஊதிப் பாரு."

ஊதினேன். மேலே இருந்ததெல்லாம் பறந்து போனது. கிண்ணம் பாதிக்கு மேல் காலி.

"அத்தனையும் உமி. அதுங்க தின்னுட்டு உமிய அங்கயே போட்டுடும். நெறைஞ்சு கீதுன்னு நம்பி விட்டா, பட்டினியில செத்துடும். தினம் காலையில இத ஊதறது இனிமே உன் வேலை. எனக்கு பங்களாவுக்கு நேரமாவுது."

வேறு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாய். அந்த வேலைக்காக நான் தினமும் எழுந்தேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அத்தை என்றால் என் மாமியார். அவரை நீ பெரியம்மா என்பாய். ஆனாலும் மருமகள் படுக்கையை விட்டு எழுந்தாளே என்று விட்டுவிட்டார்.

நீலப் பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொண்ட அந்த மார்கழி நினைவிருக்கிறதா? பெங்களூர்க் குளிரில் விடியற்காலையில் குழாயைத் தொட்டால் கை மரத்துப் போகும். கூண்டின் அடியில் இறகை உப்பிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நான் ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ அதைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாய்.

"முட்டை நிக்குது. வெளிய வரலன்னா இன்னிக்கே போயிடும். கரி அடுப்பு பத்த வை."

துணியைச் சுட வைத்துச் சுட வைத்து நான் கொடுக்க, நீ அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாய். விளக்கெண்ணெயைக் கோழி இறகில் தொட்டு ஒரு சொட்டு. பிறகு மறுபடியும் சூடு. பங்களா வேலைக்கு அன்று நீ போகவில்லை. பத்து மணிக்கு உன் உள்ளங்கையில் ஒரு சின்ன வெள்ளை முட்டை விழுந்தது. ஓடு கெட்டியாகாமல் தோல் போல இருந்தது. நான் அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று நீ கேட்கவில்லை.

அன்றே ஏணி போட்டு ஏறி, கூண்டுக்குள் தொங்கிய மண்பானைகளை எல்லாம் கழற்றினாய். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அந்தப் பானைகளுக்குள்தான் அவை முட்டையிடும்.

"ஏன் அக்கா, பாவம்?"

"பானை இருந்தா போட்டுக்கினே இருக்கும். எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. ஒடம்புல சுண்ணாம்பு எல்லாம் முட்டைக்குப் போயிடும், அப்புறம் முட்டை தோலாத்தான் வரும், அதுவும் செத்துப்போவும். ரெண்டு ஈடு குஞ்சு பொரிச்சு முடிஞ்சா நான் பானைய எடுத்துடணும். இந்தத் தடவ விட்டுட்டேன். என் தப்பு."

சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடல் நுரையைக் கம்பியில் செருகினாய். நீலப் பெட்டை அதைக் கொத்தித் தின்று ஒரு மாதத்தில் தேறியது.

பங்குனியில் எனக்கு மூன்றாவதும் போயிற்று. பாயில் கிடந்தபடி, முன்னறையில் உன் குரலைக் கேட்டேன். நீ எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்தது அதுவே முதல் தடவை.

"பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவளுக்கு ஒரு வருசம் ஓய்வு குடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மாகிட்ட காட்டுங்க. மொகத்துல ரத்தமே இல்ல."

"எங்க வீட்டு விசயத்துல நீ இன்னாத்துக்கு வர? என் மருமவ உன் கூண்டுல கீற பறவையா?"

"பறவைக்கே நான் ஓய்வு குடுக்கறேன் பெரியம்மா."

பிறகு அத்தையின் குரல் உடைந்து வந்தது. "எல்லாம் அதுங்களால வந்தது. உசுர அடைச்சு வெச்சா அந்தப் பாவம் பக்கத்து வீட்டையும் புடிக்கும். நானும் ரெண்டு பிள்ளைய மண்ணுல போட்டவ. எனக்குத் தெரியும்."

அத்தையைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தன் துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது அவருக்கு. அது சுவருக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டே இருந்தது. ஆனால் நான் எழுந்து வந்து, "அக்கா கிளிகளால் எனக்கு எதுவும் வரவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டே பின்பக்கம் போனீர்கள். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பின்பக்கம் அமைதியாக இருந்தது. கூண்டு நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"எங்க அக்கா?"

"ஒக்கலிபுரத்துல என் தம்பி கேட்டுக்கினே இருந்தான். குடுத்துட்டேன். எனக்கும் முடியல" என்றாய். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அத்தையின் பேச்சில் மனம் நொந்துதான் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். வெட்கத்தில் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வாரமே அத்தை என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, ஒரு வருஷத்துக்குக் கர்ப்பமே கூடாது, மருந்து, கீரை, ஈரல் என்று எழுதிக் கொடுத்தார். அத்தை ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்தார். மறுவருஷம் உண்டானேன். கடைசி நான்கு மாதம் படுக்கையிலேயே கழிந்தது. நீ தினம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்து, "நகராதே" என்று சொல்லிவிட்டுப் போனாய். மகள் பிறந்தாள்.

அவளுடைய முதல் பிறந்த நாளன்று பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது அத்தை தானாகவே சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரிக்கு முதல்ல எடுத்து வை. அன்னிக்கு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கினு போயி, 'கிளிங்கள நான் அனுப்பிடறேன், நீங்க அவளை டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போங்க, கைமேல அடிச்சுச் சொல்லுங்க'ன்னா. நானும் சத்தியம் பண்ணேன்."

கரண்டி என் கையிலேயே நின்றது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த வெளுத்த தரையைத் தாண்டித்தானே தண்ணீர் பிடித்தேன்!

மறுநாள் ஞாயிறு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஒக்கலிபுரம் போனேன். உன் தம்பி வீட்டில் ஐந்துதான் மிஞ்சியிருந்தன. ரயில் சத்தத்தில் சரியாக அடைகாப்பதில்லை என்றார். ஒரு ஜோடி கேட்டேன். நீலப் பெட்டை உயிரோடு இருந்தது. அதையும், அதன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த பச்சையையும் சின்னக் கூண்டில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வீட்டுக்காரர் மடியில் கூண்டு, என் மடியில் குழந்தை. இரண்டும் போட்டி போட்டுக் கத்தின.

கதவைத் திறந்த அத்தை கூண்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். வழி விட்டார். அவ்வளவுதான்.

உன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். நீ குனிந்து பார்த்தாய். நீலத்தின் மூக்கைப் பார்த்தாய். பச்சையின் மூக்கைப் பார்த்தாய்.

"ஏண்டி, மூக்கு நீலமா இருந்தா ஆணு, காப்பிக் கலர்ல இருந்தா பொட்டைன்னு எத்தினி தடவ சொல்லிக்கீறேன்? ரெண்டுமே பொட்டைடி!"

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் நான் அழுதேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. உனக்கு இருந்ததே அதுங்கதானே" என்றேன்.

"அதுங்க எங்க இருந்தாலும் தினை தின்னும். நீ எங்கடி போவ?" என்றாய். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாய். பிறகு ரஸ்ஸல் மார்க்கெட்டில் பறவை விற்கும் பாயிடம் போய் ஒரு ஆண் வாங்கி வரலாம் என்று செருப்பை மாட்டினாய். அந்த வருஷக் கடைசியில் நீலப் பெட்டை நாலு குஞ்சு பொரித்தது. ஒரு ஈடோடு நிறுத்திவிட்டுப் பானையை எடுத்தாய். அதை வாங்கிக் கழுவி வைத்தது அத்தை.

நீ போய் எத்தனையோ வருஷமாகிறது. உன் கடைசி வாரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன் என்பது ஒன்றே ஆறுதல். பறவை வளர்க்கும் கை எனக்கு வரவில்லை, அக்கா. உனக்குப் பிறகு இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டேன். அவை ஒவ்வொன்றாகப் போன பின் வேறு வாங்கவில்லை. ஆனால் அன்று நீ எங்கள் முன்வாசல் வழியாக வந்தாயே, யாரும் கூப்பிடாமல், அவமானப்படுவோம் என்று தெரிந்தே! அது என்னிடம் இருக்கிறது. அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் நான். அந்தக் கடனோ என்னவோ, அதற்குப் பிறகு அப்படித் திரும்பிப் படுக்க முடிவதில்லை.

போன மாதம் மாடி வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மருமகள் இருபது வயசுப் பெண். வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தேன். பிறகு இரண்டு வாரம் அவள் துணி காயப்போடக்கூட வெளியே வரவில்லை. முழங்கால் வலியோடு பதினெட்டுப் படி ஏறினேன். மாமியார் கதவைப் பாதி திறந்து, கன்னடத்தில், "ஏனு பேக்கு?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று.

"நிம்ம சொசெ ஹத்ர மாத்தாட பேக்கு" என்றேன். உங்கள் மருமகளோடு பேச வேண்டும். அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவின் மறுபாதியும் திறந்தது.