மழைக்கும் சேர்த்து விலை கேட்டவர்

மேடத்துக்கு வணக்கமுங்க.

இன்று காலை என் வீட்டு வாசலில் ஒரு லாரி ஜல்லி வந்து இறங்கியது. மாடியில் ஓர் அறை எடுக்கிறேன். கேட்பவர்களிடம் இரண்டு மாடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். தூசி அடங்கட்டும் என்று குழாயைத் திருப்பி நனைத்தேன். நனைந்த கல்லின் வாசம் எழுந்ததும் கோயமுத்தூரில் உங்கள் என்ஜினியர் ஆபீஸ் முற்றம் கண்முன் வந்துவிட்டது. அங்கேயும் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கும். டெண்டர் போட்ட நாங்களெல்லாம் அந்தக் குவியல்களுக்கு நடுவில் நின்று உங்கள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் படித்தது எட்டாவது. ஆனாலும் கட்டட வேலையில் எனக்குத் தெரியாதது என்று ஒன்று இனிமேல் பிறந்துதான் வர வேண்டும். கொடுமுடியில் நான் போட்ட படித்துறைக் கான்கிரீட்டைக் காவிரி வெள்ளமே தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட கான்ட்ராக்டரை எதிரில் உட்காரவைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்து, "இந்த விலைக்கு எப்படிங்கண்ணா செய்வீங்க?" என்று கேட்ட ஒரே ஆபீசர் நீங்கள்தான்.

வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை அது. டெண்டர் போட்டவர்களில் என் தொகைதான் எல்லாருக்கும் கீழே கிடந்தது. அதற்குக் காரணம் ஈரோட்டில் நடந்த ஒரு கல்யாணப் பந்தி. மலையில் வேலை செய்யத் தன்னை விட்டால் ஆளில்லை என்று என் மச்சான் பெருமையடித்தான். "நீ வாங்குற காசுல பாதிக்கு நான் செஞ்சுபோடுவேன்" என்று ரசம் ஊற்ற வந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்காகப் போட்ட விலைதான் அது.

நீங்கள் கால்குலேட்டரைத் தொடவே இல்லை. "முதல் நாள் காலையிலிருந்து வேலையைச் சொல்லுங்கண்ணா, கேட்கறேன்" என்றீர்கள். கதை சொல்லச் சொன்னால் நான் விடுவேனா? வால்பாறைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு நாற்பது. நான் எழுபது என்று ஆரம்பித்தேன். விடிவதற்குள் லாரி மேலே ஏறியது. கொத்தனார்களுக்குத் தினமும் கோழிக்குழம்பு. சுவர் மளமளவென்று எழுந்தது. திறப்பு விழாவுக்கு மந்திரி வந்து எனக்கு மாலையே போட்டுவிட்டார். நீங்கள் கன்னத்தில் கையை ஊன்றி, சிரித்துக்கொண்டே கடைசி வரை கேட்டீர்கள்.

"நல்லா இருக்குதுங்கண்ணா. ஆனா உங்க கதையில மழையே பெய்யலீங்களே?"

"நான் வேலை செய்யற இடத்துல, மழை என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானுங்க மேடம் பெய்யும்."

"அது வால்பாறைங்கண்ணா. மழை யாரையும் கேட்காது. லாரி பாதி லோடுதான் ஏத்தும். வேலை நடக்காத நாளைக்கும் ஆளுகளுக்குச் சோறும் கூலியும் குடுக்கோணும். தோண்டுன மண்ணு சரியாம மரம் வெச்சு முட்டுக் குடுக்கோணும். இதுக்கெல்லாம் உங்க விலையில காசு இல்லீங்க. காசு தீர்ந்து பாதியில நிறுத்திட்டீங்கன்னா, வெட்டுன மேடு கீழ இருக்கற ஊடுக மேலதானுங்களே வரும்?"

எழுத்தில் விளக்கம் கேட்டீர்கள். என் வீரத்தையெல்லாம் அடுக்கிப் பதில் அனுப்பினேன். இந்த விலைக்கு வேலை முடியாது என்று எழுதி என் டெண்டரைத் தள்ளினீர்கள். வேலை அடுத்த தொகைக்காரருக்குப் போனது. எனக்கு வந்த கோபத்தில் அன்று கோயமுத்தூரே கொஞ்சம் ஆடியிருக்கும்.

ஆடி மாதம் வால்பாறைக்குப் பஸ் ஏறினேன். அந்த ஆள் திண்டாடுவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான். அவருடைய லாரி ஒரு வளைவில் சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் தார்ப்பாய்க்குக் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மேட்டுக்கு வரிசையாக மரம் முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு நேர் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், லயன் வீட்டு ஓடுகளிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடையோடு நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

சுவர் முடிந்த பிறகுதான் உங்களுக்கு வினை வந்தது. குறைந்த தொகைக்காரரைத் தள்ளியதால் அரசாங்கத்துக்கு நஷ்டம் என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள். சென்னையிலிருந்து விசாரணைக்கு ஆபீசர் வந்தார். உங்கள் வேலையே போய்விடும் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. தள்ளப்பட்ட ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

என் மச்சான் முந்தின நாளே வந்துவிட்டான். "மாமா, 'என்னால முடியும்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கிப்போடலாம். எப்பவும் நீங்க சொல்ற வார்த்தைதானுங்களே!"

விசாரணை அறையில் நீங்கள் மூலை நாற்காலியில், கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆபீசர் கேட்டார்: "நீங்க போட்ட ரேட்டுக்கு இந்த வேலையை முடிச்சிருப்பீங்களா?"

மேடம், முடியாது என்ற சொல்லை நான் என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே சொன்னேன். "முடிஞ்சிருக்காதுங்க."

வெறும் சொல்லை யார் நம்புவார்கள்? அதனால் அந்த வேலையை முதல் நாள் காலையிலிருந்து மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை மழையைப் பெய்யவிட்டேன். நாலு லாரியைப் பள்ளத்தில் உருட்டினேன். கூலி கிடைக்காத ஆட்கள் ஒவ்வொருவராகப் பொள்ளாச்சி பஸ் ஏறினார்கள். நான் போனை அணைத்துவிட்டு ஊருக்கு ஓடினேன். வெட்டிப்போட்ட மேடு அடுப்பெரியும் வீடுகளின் மேல் இறங்கியது. என்னை நானே தோற்கடித்துச் சொன்ன ஒரே கதை அதுதான். டைப் அடித்தவர் அடிப்பதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார். "போதும்யா, கையெழுத்துப் போடு" என்றார் ஆபீசர். உங்கள் மேல் தவறில்லை என்று ஃபைலை மூடினார்கள்.

வராந்தாவில் உங்கள் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் சும்மா இல்லை. "நாலு லாரியை உருட்டி விட்டுட்டீங்களேண்ணா, ஒண்ணு போதாதுங்களா?"

"உங்களுக்காக இன்னும் ரெண்டு உருட்டுவேனுங்க மேடம்."

அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரிடம், இந்தச் சுவர் நிற்பதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். யோசித்தால் அதுவும் பொய் இல்லையே.

மாசியில் நீங்கள் தவறிப்போனதாகச் செய்தி வந்தது. உங்கள் தேவாலயத்தில் எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் நின்றேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"அண்ணா, நீங்கதானுங்களா அது? அவ வீட்டுல உங்களைப் பத்திப் பேசாத வாரமே கிடையாதுங்க. நீங்க பேசி முடிச்சதும் அந்தச் சென்னை ஆபீசரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாராமே?"

அந்த மனுஷர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். ஒரு மூட்டை சிமென்ட் கூடுதலாக எழுதியிருந்தாலும் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புகிற நீங்கள், எனக்காகக் கூட்டி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் சொந்த வீட்டில், வாராவாரம்.

"ஆமாங்க சார், கை குடுத்தாருங்க" என்றேன்.

மாலை போட்டார் என்று சொல்லியிருப்பேன், வேறு யார் கட்டிய கதையாக இருந்தாலும். இது நீங்கள் பார்த்துப் போட்ட கணக்கு மேடம். யார் கேட்டாலும் எழுந்து நின்றார், கை கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.