சாரல் காலத்து உப்பு

தென்காசி
ஜூலை 3

அன்புள்ள ஜெனிக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். சட்டமன்ற மதிப்பீட்டுக் குழு இந்த மாதம் தென்காசிக்கு வருகிறதாமே! நேற்று மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் சொன்னார்கள். குழுவின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு எம்எல்ஏக்களோடு ஊர் ஊராகப் போகிற பிரிவு அலுவலர் என் தோழி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு குதியாட்டம்.

வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதானே: அரசு ஒதுக்கிய பணம் செலவானதா, சம்பளம் போட்ட இடத்தில் ஆள் இருக்கிறதா. ஜெனி, அதற்கு எங்கள் விடுதியைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது? இந்தக் கல்லூரி மாணவியர் விடுதிக்கு நான் காப்பாளினியாக வந்து ஆறு வருடம். காகிதத்தில் மூன்று சமையலர். அடுப்படியில் பாலம்மாள் ஒருத்தி, அதுவும் தொகுப்பூதியத்தில். மற்ற இரண்டு இடத்துக்கும் வருடாவருடம் சம்பளம் ஒதுக்குகிறார்கள். ஆள் போடாததால் மார்ச்சில் அப்படியே திரும்பிப் போகிறது. திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

அதனால் என் பிள்ளைகள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். இன்று அபர்ணாவின் முறை. இரண்டாம் வருடம் இயற்பியல் படிக்கிறாள். தோசை வார்த்து முடித்துவிட்டு ஓடினாலும் முதல் வகுப்புப் போய்விடும். வருகைப் பதிவு குறைவதாகக் கல்லூரியில் எச்சரித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். “பரவால்ல மேடம், தோசையும் ஒரு பாடந்தானே” என்கிறாள். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

சாரல் பிடித்துவிட்டது. கொடியில் போட்ட துணி காயவில்லை, சமையலறை ஜாடியில் உப்பு கசிந்து தண்ணீராகிறது. விடுதியில் ஈரம் ஏறாத ஒரே இடம் என் அலுவலக அறைதான் என்று பாலம்மாள் கண்டுபிடித்து, உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் இரும்பு பீரோவில் பணிப்பதிவேடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டாள். வேளாவேளைக்குச் சாவி கேட்டு வருகிறாள். காப்பாளினி வேலையில் இதுவும் சேர்த்தி.

எங்கள் விடுதி பட்டியலில் வருமா? நீ குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும். போனில் கேட்டால் “மீட்டிங்” என்று வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் நீ ஜெனி, போனில் அரசாங்கம்.

நலமா?

உன்
நிர்மலா


சென்னை
ஜூலை 9

ஏட்டி நிர்மலா,

முதலில் மூச்சு விடு. நலம்தான். முட்டிவலி மட்டும் தலைமைச் செயலகப் படிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் விடுதி பட்டியலில் இருக்கிறது. நான் சொல்லி அல்ல, தலைவர் தானே குறித்தார். அந்த ஒரு வார்த்தையை நான் போட மாட்டேன். போட்டால், நாளைக்குக் குழு எழுதும் அறிக்கையைத் தோழிக்காக எழுதியது என்று ஒருவன் ஒரே வரியில் தள்ளிவிடுவான். குழுவுக்குக் கண்ணால் பார்த்ததும் கேட்டு வாங்கிய பதிலும்தான் கணக்கு. உன் கடிதம் கணக்கில் வராது, எவ்வளவு அழகாக எழுதினாலும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். அங்கே என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன்னைக் கேட்டால் உள்ளதைச் சொல். வந்துபோன பிறகு அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை நான் உனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதுவரை எல்லாமே ரகசியம், என் வாய்க்குப் பூட்டு. கோபித்துக்கொள்ளக் கூடாது.

மற்றபடி இங்கேயும் பரபரப்புக்குக் குறைவில்லை. பயணத் திட்டத்தை அனுப்பியதும் உறுப்பினர்களிடமிருந்து போன் மேல் போன். தணிக்கைப் பத்தி பற்றி ஒருவரும் கேட்கவில்லை. “ஐந்தருவியில தண்ணி விழுதாம்மா?” என்றுதான் கேட்கிறார்கள். சீசன் பார்த்துத்தான் குழு தென்காசிக்கு வரும் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்களே, அதை முழுப்பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய
ஜெனி


தென்காசி
ஜூலை 20

அன்புள்ள ஜெனி,

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் பள்ளங்களை மூடிவிட்டார்கள். விடுதிக்கு வெள்ளையடித்தாயிற்று, சாரலில் காயாமல் பிள்ளைகளின் தாவணியில் எல்லாம் சுண்ணாம்பு. எரியாத விளக்குகள் எரிகின்றன. நானும் பழைய பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு, இது அதிகம் என்று உள்ளே வைத்தேன்.

இன்று மாவட்ட அதிகாரி தில்லைநாயகம் நேரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிறது, அதைச் சேதாரமில்லாமல் கடக்க நினைக்கிறார். அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மேடம், அன்னைக்கு உங்களுக்கு ஆளு குறையாது. செங்கோட்டை விடுதியில இருந்து முப்பிடாதியம்மாள வரச் சொல்லிருக்கேன். இன்னொரு பொம்பள சங்கரன்கோவில்ல இருந்து வாரா. கேட்டா மூணு வருசமா இங்கனதான் வேல பாக்காங்கன்னு சொல்லிருங்க.”

செங்கோட்டைப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார்: அன்று பாலம்மாள் அங்கே போவாள். அவள் வாய் சும்மா இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கல்லில் இரண்டு வேலை.

குழு வரும்போதெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் நடப்பதுதானாம் இது. மாற்றுப்பணி என்று அதற்குப் பெயர். நாற்காலி இரவல் வாங்குகிற மாதிரி ஆளை இரவல் வாங்குவது. ஆனால் ஜெனி, மூன்று பேரும் இருப்பதாகக் குழு பார்த்துவிட்டுப் போனால், அதன் பிறகு ஜென்மத்துக்கும் எங்களுக்கு ஆள் வராது. “குறை இல்லை” என்று அச்சிலேயே ஏறிவிடும்.

என்னைக் கேட்டால் உண்மையைச் சொல்வேன். ஆறு வருடமாக எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் என் வாசலுக்கே வருகிறார்கள். தூக்கமே பிடிக்கவில்லை. கேட்கச் சொல், ஜெனி. சரி, சொல்ல மாட்டாய். கேட்க வேண்டும் என்று உன் மாதாவிடமாவது சொல்.

உன்
நிர்மலா


தென்காசி
ஜூலை 26

ஜெனி,

நீ அங்கேதான் நின்றாய். ஆனாலும் நான் பார்த்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வாழையிலையும் தனிப் பந்தியும் வேண்டாம் என்று உங்கள் தலைவர் பிள்ளைகளோடு அவர்கள் தட்டிலேயே உட்கார்ந்தபோது தில்லைநாயகத்தின் முகம் பார்த்தாயா? வடை பாயசம் எல்லாம் அலுவலக அறையிலேயே ஆறிப்போனது. தலைவர் அபர்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன படிக்கிறாய் என்றெல்லாம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து தயாராக நின்றேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கட்டடம் ஒழுகுதாம்மா?” ஒழுகவில்லை என்றேன். அது உண்மை. அவ்வளவுதான், என் முறை முடிந்துவிட்டது.

பிறகு அவர் பின்னால் நின்ற உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நீ குனிந்து ஏதோ சொன்னாய். அவர் நிமிர்ந்து, பரிமாறிக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாளிடம் “உப்புக் கொண்டாங்கம்மா” என்றார்.

பாவம், அவள் உள்ளே போனாள். அடுப்படிக் கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு டப்பாவைத் திறந்தாள், கடுகு. இன்னொன்று, மல்லிப்பொடி. அடுத்தது சீனி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மூடினாள். சங்கரன்கோவில்காரி ஏணி வைத்துப் பரணில் தேடினாள். சாம்பார் கொதிக்கும்போது உப்பை நான்தான் கிண்ணத்தில் கொண்டுவந்து போட்டேன்; எங்கிருந்து என்று அவர்கள் பார்க்கவில்லை.

முப்பிடாதியம்மாள் வாசலில் வந்து என்னைப் பார்த்தாள். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. பத்தடி நடந்தால் போதும், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். தில்லைநாயகம் கண்ணாலேயே கெஞ்சினார். நான் நகரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ஒன்றுமே செய்யாமல் நிற்பதற்கு அவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தலைவர் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்: “நீங்க இங்க எத்தன வருசமா சமைக்கீங்க?”

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னைக்குக் காலையிலதான் வந்தேன்யா. நான் செங்கோட்ட. இங்கன சமைக்கிற அக்காவ எங்க விடுதிக்கு அனுப்பிட்டாவ.”

அப்புறம் அபர்ணா எழுந்து நின்றாள். யாரும் கேட்காமலே அடுப்படி முறையைச் சொன்னாள், விட்டுப்போன வகுப்புகளைச் சொன்னாள். “தோசை நல்லா சுடுவேன் சார்” என்றும் சேர்த்துக்கொண்டாள். நீ எழுதிக்கொண்டே இருந்தாய். எனக்கு அருவிக்கடியில் நிற்கிற மாதிரி இருந்தது. அடியும் அதுதான், சந்தோஷமும் அதுதான்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. நடுவில் ஒரு தடவை நீ என்னைப் பார்த்தாய். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. தெரிந்ததாகக் காட்டக் கூடாதுதான், ஆனாலும் அவ்வளவு கடுமையா? இன்னொன்று, சாம்பாரில் உப்புக் குறையவே இல்லை. நான் போட்டது, நான் ருசி பார்த்தது. உங்கள் தலைவருக்கு ரத்த அழுத்தம் வந்துவிடும், சொல்லி வை.

அருவியில் குளித்தாயா?

நிர்மலா


தென்காசி
அக்டோபர் 14

ஜெனி,

வாய்க்குத்தானே பூட்டு? தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பக்கூடாதா?

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. உப்பு இருக்கும் இடம் தெரிந்தும் எடுத்துத் தராதது ஏன் என்று கேட்டிருந்தார்கள். கேள்வி சமையலரிடம் கேட்கப்பட்டது, நான் சமையலர் அல்ல என்று பதில் எழுதினேன். தில்லைநாயகம் படித்துவிட்டு, “எழுத்து நல்லாத்தான் இருக்கு மேடம்” என்று சொல்லி, மறுநாளே என்னைப் பண்பொழி விடுதிக்கு மாற்றிவிட்டார். திங்கள்கிழமை போகிறேன். அங்கேயும் ஒரே சமையலர்தான் என்று கேள்வி.

இங்கே இன்னும் ஆள் வரவில்லை. அபர்ணாவுக்காகக் கல்லூரிக்குப் போய்க் கெஞ்சித் தேர்வு எழுத அனுமதி வாங்கினேன். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு வழி என்ன?

அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் சாவியோடு நின்றதை நீ கோழைத்தனம் என்று நினைத்திருப்பாய். கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சின்னப் பெண் சொன்னாளே. அல்லது என்னால் உனக்கு ஏதும் சங்கடமா? எதுவானாலும் நீயாக எழுதும்வரை இனி நான் எழுதப்போவதில்லை. புது முகவரி கீழே இருக்கிறது. உன் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்தேன். அதுவும் என்னோடு பண்பொழிக்கு வருகிறது.

நிர்மலாதேவி


சென்னை
டிசம்பர் 10

என் நிர்மலா,

இன்று காலை பதினொரு மணிக்கு அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. பூட்டுத் திறந்துவிட்டது. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு இதை எழுதுகிறேன், எழுத்து கிறுக்கலாக இருந்தால் என் பசியைச் சொல்.

தென்காசி மாவட்ட விடுதிகளில் காலியாக உள்ள சமையலர் இடங்கள் அத்தனையையும் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும், உன் பண்பொழியும் சேர்த்து. தொகுப்பூதியத்தில் நெடுநாளாக இருப்பவர்களுக்கு முதலிடம்; பாலம்மாளிடம் சொல், அவள் வாய் அடங்காது, அடங்கவும் வேண்டாம். குழு வரும் நாளில் இரவல் ஆள் நிறுத்தினால், நிறுத்திய அதிகாரி குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். இதை மாநிலம் முழுவதற்கும் பரிந்துரைத்திருக்கிறார்கள். துறை காத்திருக்கவில்லை. அறிக்கை வரப்போவது தெரிந்ததுமே உன் பழைய விடுதிக்கு இரண்டு பேரைப் போட்டுவிட்டார்களாம். அபர்ணா இனி முதல் வகுப்புக்குப் போவாள். தோசை சுடுவது அவள் இஷ்டம்.

இப்போது அந்தப் பார்வை. கடுமை இல்லை, ஏட்டி. பயம். எனக்கு உன்னைத் தெரியும். பசித்தவன் தட்டில் ஒன்று குறைந்தால் உன்னால் சும்மா நிற்க முடியாது. சாவி உன் இடுப்பில் இருப்பதும் ஜாடி பீரோவில் இருப்பதும் வந்திருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். போய் எடுத்துக் கொடுத்துவிடுவாயோ என்று உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சுவரில் சாய்ந்தாய். வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

தலைவர் திரும்பி என்னிடம் கேட்டது இதுதான்: “நீங்களும் ருசி பார்த்தீங்களே, சாப்பாடு எப்படிம்மா?” நல்லாயிருக்கு ஐயா என்று சொல்லியிருந்தால், கை கழுவிவிட்டு நேராக ஐந்தருவிக்குப் போயிருப்பார். இத்தனை வருட வேலையில் குழுத் தலைவரிடம் நான் சொன்ன ஒரே பொய்யை அங்கே சொன்னேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

தைலத்தை அனுப்பாதே. பொங்கலுக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது, நிர்மலா.

உன்
ஜெனி