அறுபத்திரண்டு கிலோ

விவேக் நகர், பெங்களூரு
2 பிப்ரவரி 2024

அன்பு மகள் ஜூலியாவுக்கு,

அப்பாவின் ஆசீரும் முத்தமும். ஏற்காட்டில் குளிர் குறைந்ததா? கன்னியாஸ்திரிகளின் நவதுறவு இல்லத்தில் இந்த ஒரு பயிற்சி வருடம் போன் கூடாது என்று சொன்னாலும் சொன்னார்கள், எனக்குக் கையெழுத்தே திருந்திவிட்டது.

உட்கார்ந்துகொண்டு படி. நான் ஜிம்மில் சேரப் போகிறேன்.

போன வாரம் மெயின் ரோட்டில் இருக்கும் ஜிம்முக்குப் போனேன். சீனு என்று ஒரு டிரெய்னர். என் பெயரைக் கேட்பதற்கு முன் என் வயிற்றைப் பார்த்தான். "மூணே மாசம் அங்கிள், தொப்பை காணாமப் போயிடும்" என்றான். முதுகு வலி உண்டு என்று நான் சொன்னது அவன் காதில் விழவே இல்லை. முதல் நாளே பெரிய எடையைத் தூக்கச் சொன்னான். மூன்று நாள் என்னால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

நாலு வருடம் ஸ்கூலில் பி.டி. டீச்சராக இருந்தவள் நீ. நல்ல டிரெய்னரை எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் சீக்கிரம் எழுது.

அம்மாவுக்குக் கை வலி. அதனால் அவள் எழுதும் அரைப் பக்கம் இந்தத் தடவை இல்லை.

அன்புடன்,
அப்பா ஓஸ்வால்ட்


ஏற்காடு
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஐம்பத்தொன்பது வயது வரை பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிதர் ஜிம்முக்குப் போகிறார் என்றால், இங்கே யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் நோரா கைவேலையை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சீனுவிடம் மறுபடியும் போகாதீர்கள். தன் புஜத்தைக் காட்டுகிறவனுக்கு உங்கள் முதுகு தெரியாது. நல்ல டிரெய்னர் முதல் நாள் எடையைத் தொடவே விடமாட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எங்கே வலி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் படித்த சான்றிதழைக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். உங்கள் வயதில் வேறு யாருக்காவது சொல்லித் தருகிறாரா என்று பாருங்கள். வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்துகிறவராக இருக்க வேண்டும். அது முக்கியம்.

அம்மாவின் கை என்ன ஆயிற்று? இடது கையால் கிறுக்கினாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
ஜூலியா


விவேக் நகர்
24 பிப்ரவரி 2024

அன்பு ஜூலியாவுக்கு,

நீ சொன்ன மாதிரியே ஆள் கிடைத்துவிட்டாள். பெயர் ஷ்ரேயா, உன் வயதுதான் இருக்கும். அல்சூரில் வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறாள். சான்றிதழைக் கேட்டேன். கோபப்படாமல் எடுத்துக் காட்டினாள்.

ஒரு மணி நேரம் கேள்வியிலேயே போயிற்று. "எதுக்காக அங்கிள் பலம் வேணும்?" என்றாள். காஸ் சிலிண்டர் தூக்க என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டாள். "சிலிண்டருக்குக் கைப்பிடி இருக்கு, தூக்கி டொம்முன்னு வச்சிடலாம். நீங்க மெல்லக் கீழ வைக்கிறது எப்படின்னுதான் கேட்டுட்டே இருக்கீங்க. நிஜத்தைச் சொல்லுங்க, இல்லாட்டி உங்க முதுகு போயிடும், என் பேரும் போயிடும்" என்றாள். அதன் பிறகு காரணத்தைச் சொன்னேன். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

இப்போது வாரம் மூன்று நாள் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கிறேன். அறுபத்திரண்டு கிலோ எனக்கு முடியும் என்கிறாள், ஆனால் ஈஸ்டர் வரை பொறுக்க வேண்டுமாம். இரண்டு பேராகத் தூக்கினால் முதுகு எப்படி வளைய வேண்டும், நீ சொல்லேன்.

அம்மா தூங்குகிறாள்.

அன்புடன்,
அப்பா


ஏற்காடு
3 மார்ச் 2024

அப்பா,

அறுபத்திரண்டு கிலோ.

அறுபது என்று எழுதியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். நான் இங்கே வருவதற்கு முந்தின வாரம், கோவில் மருத்துவ முகாமில் அம்மாவை எடை மிஷினில் ஏற்றியது நான்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குறையும் என்று அம்மா சண்டை போட்டாள். அறுபத்திரண்டுதான் காட்டியது.

சாப்பாட்டு மேஜையில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கையிலிருந்த தட்டு விழுந்தது. இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்பின் தெரியாத ஷ்ரேயாவிடம் சொன்ன காரணத்தை என்னிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு என்ன? உயிரோடுதானே இருக்கிறாள்?

ஜூலியா


விவேக் நகர்
9 மார்ச் 2024

என் மகளே,

இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை காபி குடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவளுக்கு வார்த்தை வரவில்லை. வந்த முதல் இரண்டு வார்த்தை, "ஜூலி வேணாம்." உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தெரிந்தால் நீ வந்துவிடுவாய், வந்தால் திரும்பப் போக மாட்டாய் என்று பயந்தாள். எனக்கும் அந்தப் பயம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது உன் அம்மாவை நான் கீழே போட்டுவிட்டேன். என் முதுகு பிடித்துக்கொண்டது. அவள் தரையில், நான் அவள் பக்கத்தில். எழுந்திருக்கவும் முடியவில்லை, கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டு கிளிஃபர்ட் தற்செயலாக வந்தான். அதுவரை அவள் இடது கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். விழுந்தவள் அவள், தேற்றியதும் அவள். அதற்கு மறுநாள்தான் ஜிம்முக்குப் போனேன்.

ஷ்ரேயா இப்போது நம் வீட்டுக்கே வருகிறாள். அம்மா மாதிரியே கட்டிலில் கையைக் காலைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டு, "நான்தான் மௌரீன் ஆன்ட்டி, எழுப்புங்க" என்பாள். முதல் நாள் எனக்குப் பயத்தில் வேர்த்துவிட்டது. "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க அங்கிள், தோள் கழண்டுடும். அவங்க இடுப்பில கட்டின பெல்ட்டைப் பிடிங்க. உங்க முட்டியால அவங்க முட்டிக்கு அணை கொடுங்க. நீங்க தூக்க வேணாம், அவங்க எழுந்துக்க நீங்க உதவி பண்ணணும், அவ்ளோதான்" என்றாள். செவ்வாய்க்கிழமை அம்மாவைத் தனியாக நாற்காலிக்கு மாற்றினேன். ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டி வரவில்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்பா


ஏற்காடு
15 மார்ச் 2024

அப்பாவுக்கு,

மூன்று நாள் எனக்கு ஜெபம் வரவில்லை. ஒரு மாதம் நான் தினமும் உங்கள் இருவருக்காகவும் ஜெபித்தேன். அம்மாவின் கைவலிக்காக. எனக்குக் கிடைத்த அழைப்பு ஒரு கெட்ட செய்தியைத் தாங்காது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டீர்கள். அம்மா விழுந்ததைவிட இது என்னை அதிகம் அதிரவைத்தது என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன், அது பொய் என்பதால். நீங்கள் இருவரும் தரையில் கிடந்ததுதான் கண்ணை மூடினால் வருகிறது.

சிஸ்டர் நோராவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பாவுக்கு இப்போ முதுகு எப்படி?" என்று கேட்டார்கள். பிறகு பதினைந்து நாள் அனுமதி வாங்கித் தந்தார்கள். அதற்கு மேல் தங்கினால் அந்த நாட்களைப் பின்னால் ஈடுகட்ட வேண்டும். நிறைய நாள் தங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து நாள் போதுமா என்பதை அங்கே வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். திரும்புவதா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் எனக்காகத் தீர்மானிக்க வேண்டாம்.

23ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்பேன். அன்றைக்கு ஷ்ரேயாவை வரச் சொல்லுங்கள். நீங்கள் அம்மாவை எழுப்புவதை ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். அடுத்த தடவை நான் எழுப்புகிறேன், ஷ்ரேயா பார்க்கட்டும்.

நான் வருவதை அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தலைவாரிப் புடவை கட்டிவிட்டு எனக்காக உட்கார வைக்காதீர்கள். நைட்டியோடே, எப்படி இருக்கிறாளோ அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மகள்,
ஜூலியா