மோரிஸ் வாங்க வர்றவரு

பென்னி கண்ணு, நம்ம மோரிஸ் மைனர் கார வாங்க நீ வரச்சொன்ன சேலத்துக்காரருக்கு நானே போன் பண்ணிட்டேன். பஸ்ஸுல மேல வராம அடிவாரத்துலயே நில்லுங்க, காரெடுத்துட்டு வாரேன்னேன்.

எழுவத்தொரு வயசுல மலையில ஓட்டக்கூடாது, வித்துப்புடலாம்னு நேத்து என்ன கத்து கத்துன! அம்பது வருசமா பழைய காருங்களத்தான் வாங்கி ஓட்டுறேன், செகண்ட் கியருலயே எறங்குறவ நான். பிரேக்க மிதிச்சே எறங்கி பொகைய வரவெச்சது நீதான் சாமி.

இருவது கொண்டை ஊசி வளைவும் அவர ஏத்திட்டு வர்றேன். ஒரு எடத்துல அவரு பயந்தாலும் சாவிய அவரு கையில குடுத்தர்றேன், பேச்சே கெடையாது.

கொழம்பு அடுப்பு மேல இருக்குது. உம்மக ரூபி எந்திரிச்சா பாட்டி வந்துருவேன்னு சொல்லு.

இன்னொண்ணு: அவருக்கும் சேத்து சோறு வடி. காரில்லாம வெறுங்கையோட போறவர பசியோட வேற அனுப்பக்கூடாது.