கல்யாணக் காரும் இரண்டு விளக்குகளும்

நோபிள் பார்க், மெல்பேர்ண்
14.10.2012

அன்பு மகள் தர்சினிக்கு,

பிள்ளையாரின் துணையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். லண்டன் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிடவேண்டும் என்பதுதான் என் முதல் மன்றாட்டம், மற்றதெல்லாம் பிறகு. ஞாயிறுதோறும் ஸ்கைப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற அம்மா இப்போது எதற்குத் தாளும் பேனையுமாக இருக்கிறாள் என்று யோசிப்பாய். ஸ்கைப்பில் அப்பா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார், நான் வாயைத் திறந்தால் தன் நெற்றியைக் கமராவுக்குள் விடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். இப்போது கராஜில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், துடைக்கத் தொடங்கினால் தேத்தண்ணிக்குத்தான் உள்ளே வருவார், அதனால் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

கல்யாண அலுவல்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. த பேசின் பிள்ளையார் கோயில் ஐயர் தை மாதத்து முகூர்த்தத்தை நமக்கே பதிந்துவிட்டார். கூறைச் சேலை வந்துவிட்டது, சிவப்பும் பொன்னுமாகக் கண்ணைப் பறிக்கிறது, விரித்துப் பார்த்துவிட்டு மடிக்க மனமில்லாமல் அரை நாள் கட்டிலிலேயே போட்டு வைத்திருந்தேன். உன் சட்டை அளவை இன்னும் அனுப்பவில்லை, போன வருட அளவு இருக்கிறதுதானே என்று சொல்லாதே, போன வருடத்து ஆள் இல்லை நீ, ஸ்கைப்பிலேயே தெரிகிறது. கறிவேப்பிலை மரம் இந்தக் குளிரையும் தாண்டித் துளிர்த்துவிட்டது. எனக்குத்தான் வசந்தம் வந்தால் தும்மல், அதுவும் உன் கல்யாணத்துக்கு முன் ஓய்ந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் காரைப் பற்றித்தான். அந்தப் பழைய ஜெர்மன் காரைச் சக்களத்தி என்று நான் சொல்வது உனக்குத் தெரியும். பாண் வான் ஓட்டிய வேலையிலிருந்து ஓய்வு எடுத்த கையோடு அதை வாங்கி வந்து நிறுத்தினார், தோல் இருக்கை, மர வேலைப்பாடு, எல்லாம் பதினாறு வருடப் பழசு. சுகபோகக் கார் என்று பெயர், ஆனால் அதில் ஏறிய நாள் தொடங்கி எங்களுக்குச் சுகமும் இல்லை, போகமும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரியும், அடுத்தது கியர்பொக்ஸின் மஞ்சள் விளக்கு, அதோடு கார் தன் பலத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கிழட்டு மாடுபோல ஊரத் தொடங்கும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஸ்ராட் தட்டினால் இரண்டு விளக்கும் இல்லை, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நிற்கும். ஒரு கிழமை வராது, பிறகு ஒரே நாளில் இரண்டு தரம் வரும்.

ஃபிறீவேயில் நின்றுபோன கதையை ஆனி மாதம் அப்பா உன்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஸொறி அப்பா, அந்தக் காரிலை நான் மணவறைக்கு வரமாட்டன், நடு றோட்டிலை நிண்டால் முகூர்த்தம் போயிடும், ரிஸ்க் எடுக்கேலாது என்றாய். சம்பந்தி வரதராஜா அண்ணரும் ரயில் பெட்டி நீளத்தில் ஒரு வெள்ளை லிமோசினுக்குச் சொல்லிவிட்டார். அப்பா ஓம் ஓம், நீங்கள் விரும்பினமாதிரிச் செய்யுங்கோ என்றார். ஸ்கைப்பை மூடியதும் கராஜுக்குப் போய்க் காருக்குள் ஏறி, ஸ்ராட் தட்டாமலே ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வாறன் என்றார், வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ சொன்னது நியாயம். ஆனால் அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது உனக்குத் தெரியாது. ஊரில் ஈஸ்வரமூர்த்தியர் வாடகைக்கு விட்ட ஹயர் காரை ஓடியவர் அப்பாதான், கல்யாணம் என்றால் அந்தக் கார்தான் போகும், எத்தனையோ பேருடைய பெண்பிள்ளைகளைக் கொண்டுபோய் மணவறை வாசலில் இறக்கியவர். நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கிவிட்டு அவர் முதல் சொன்னது, இவளையும் நான்தான் கொண்டுபோய் இறக்குவன் என்று. இந்தக் காரை அதற்காகத்தான் வாங்கினார். உன்னிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது.

அதனால் விளக்குக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். டண்டினோங்கில் கராஜ் வைத்திருக்கும் கல்முனை ஜலால்தீனிடம் காரைக் கொண்டுபோனார். அவரும் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தார், அது ஏதோ ஒரு கோட் நம்பரைக் காட்டிப் பிரேக் சுவிச் என்றது, மாற்றினார், பிறகு வயரைப் பார்த்தார், பற்றரியைப் பார்த்தார். விளக்கு தன்பாட்டில் வந்து போனது. ஜலால்தீன் தானே ஓடிப்பார்த்தால் ஒன்றும் வராது. அப்பா தனியாகப் போனாலும் வராது. புதிதாகப் போட்ட பிரேக் பாட் சில மாதத்திலேயே தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஐயா நீங்க ஒவ்வொரு நாளும் மலையில ஏறி இறங்குறீங்களா என்று கேட்டாராம். கடைசியில் அப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் ஏறினால்தான் விளக்கு எரிகிறதாம். அதற்குப் பிறகு எனக்கு நடந்த விசாரணையை நீ பார்த்திருக்கவேண்டும். கைபேசியை அணையும், வளையலைக் கழற்றும், பின்னுக்கு இரும், இப்ப முன்னுக்கு வாரும், உம்மடை பாரம் ஒரு பக்கமாய் விழுகுதோ தெரியேல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சோதனை. காருக்குள் இருக்கிற பேய் நான்தானோ என்று கேட்டேன். அவர் குனிந்து என் இருக்கைக்குக் கீழே எதையோ தேடினார். மூன்று நாள் சம்பலை உறைப்பாக இடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் மனம் விட்டுப்போய், கிளேற்றனில் இருக்கிற ஜெயரட்ணத்துக்குக் காரை விலைக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று, அவர் புரட்டாதி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாக இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஐயரோடு கதைக்கக் கோயிலுக்குப் போனோம். கடைசித் தடவை என்று அப்பா காருக்கும் ஒரு அர்ச்சனை செய்வித்தார். ஐயர் திருநீறு பூசி, ஒரு எலுமிச்சந் தேசிக்காயை டாஷ்போட்டில் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது மலை றோட்டின் வளைவுகள் வந்தன, நானும் என் வழக்கப்படி பார்த்து, பார்த்து, ஐயோ மெதுவா என்று சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஒரு வளைவில் தேசிக்காய் உருண்டு கீழே விழுந்து அப்பாவின் பக்கம் ஓடியது. பிரேக்குக்குக் கீழே போய்விடுமோ என்ற பயத்தில் நான் குனிந்தேன். குனிந்தவள் தேசிக்காயைக் கண்டேன், அதோடு அப்பாவின் இரண்டு காலையும் கண்டேன். வலது கால் அக்சிலரேற்றரை மிதித்தபடி இருக்கிறது, இடது கால் செருப்போடு பிரேக்கின் மேலே உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மேலேயிருந்து, இந்தா, விளக்கு எரிஞ்சிட்டுது என்றார். ஓரமாக நிறுத்தினார். உங்கடை இடது கால் அங்கை என்ன செய்யுது என்று கேட்டேன். எந்தக் கால் என்று கேட்டார்.

பிள்ளை, அவருக்கே தெரியாது. வாழ்நாள் முழுவதும் கிளச் மிதித்த கால் அது, ஊரில் ஹயர் காரிலும் சரி இங்கே பாண் வானிலும் சரி. இதுதான் அவருடைய முதல் ஓட்டோமற்றிக். நான் ஐயோ என்றதும் அந்தக் கால் கிளச்சைத் தேடிப் பாய்கிறது, கிளச் இல்லை, அகலமான பிரேக் அகப்படுகிறது, அதிலேயே இருந்துவிடுகிறது. போ என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் அந்தக் கார் பாவம் என்ன செய்யும், விளக்கைப் போட்டு முறையிடுகிறது. தனியாகப் போனால் ஐயோ என்று சொல்ல ஆளில்லை, ஜலால்தீன் ஓடினாலும் இல்லை. அப்பா முதலில் நம்பவில்லை. பொரோனியா வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன், விளக்கு வரவில்லை. பிறகு ஆளும் இல்லாத, வாகனமும் இல்லாத ஒரு நேர் றோட்டில், ஐயோ பார்த்து என்று திடீரென்று கத்தினேன். இடது கால் துள்ளியது, இரண்டு விளக்கும் எரிந்தன. காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம், பக்கத்தால் போன ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார், அவருக்குப் பதில் சொல்லவும் முடியவில்லை. ஜலால்தீனுக்கு ஃபோனில் சொன்னபோது அவர், அக்காட வாய்க்கு இந்தக் கொம்பியூட்டர்ல கோட் இல்ல ஐயா என்றாராம். அன்று பின்னேரமே ஜெயரட்ணத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார் அப்பா.

பிறகு நான் காருக்குள் வாய் திறப்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் ஒரு கிழமை இருந்து காட்டினேன். விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத்தான் ஒத்துவரவில்லை. என்ன பேசாமல் வாறீர், சுகமில்லையோ என்று ஒவ்வொரு சந்தியிலும் கேட்டார். கடைசியில், நீர் ஒண்டும் சொல்லாமல் வந்தால் ஆரோ தெரியாத ஒராளை ஏத்திக்கொண்டு போறமாதிரிக் கிடக்கு, நீர் கதையும், நான் காலைப் பாக்கிறன் என்றார். இத்தனை வருடம் குடித்தனம் செய்து அவர் எனக்குச் சொன்னதில் இதுதான் வடிவான சொல் என்று நினைக்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது ஒரு ஏற்பாடு. காரில் ஏறியதும் இடது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டி வைக்கவேண்டும். இடது கால் எங்கை என்று நான் கேட்பேன், உள்ளுக்கு என்று அவர் சொல்வார், அதற்குப் பிறகுதான் கார் நகரும். நேற்றுக் கோயிலுக்கு ஏறி இறங்கினோம், வழி முழுக்க நான் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கத்திக்கொண்டே வந்தேன், கால் அசையவில்லை, விளக்கும் வரவில்லை. ஜலால்தீன் புதுப் பாட் போட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், கண் டொக்டரும் அப்பாவின் கண் நல்லது என்றார், நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும், இவ்வளவு காலம் ஓடினவன் எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடக்கு என்று அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார். நான் வாயால் சொல்லவில்லைத்தானே, எழுதத்தான் செய்கிறேன். முந்தாநாள் அரிசி மூட்டையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். மூலையில் ஒரு பைக்குள் சுருள் சுருளாகக் கல்யாணக் காருக்குக் கட்டுகிற ரிப்பன் இருந்தது, சிவப்பும் பொன்னும், உன் கூறையின் அதே நிறம். கடைக்குக் கூறையைக் கொண்டுபோக முடியாது, ஆகவே ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறார், அந்த நூலும் பைக்குள் கிடந்தது. நான் ஒன்றும் காணாதமாதிரி டிக்கியை மூடிவிட்டேன். உன்னை வற்புறுத்துகிற எண்ணம் அவருக்கு இல்லை, லிமோசினை விடு என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். அது வீணாகப் போகத் தேவையில்லை, மாப்பிள்ளை யதுஷன் அதில் வந்து இறங்கட்டும், வரதராஜா அண்ணருக்கும் பெருமை. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு நீ ஸ்கைப்பில் வந்து, அப்பா, என்னை நீங்களே கொண்டுபோய் இறக்குறீங்களா என்று உன் வாயால் ஒருதரம் கேட்டால் போதும். நான் எழுதியதாக மூச்சும் விடாதே. அவர் நெற்றி கமராவுக்குள் வராது அன்றைக்கு, எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வருவார், நீ பொறுத்திரு.

கராஜில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, தேத்தண்ணி வைக்கவேண்டும். நோய்நொடி இல்லாமல், நீயும் யதுஷனும் மனமொத்து நிறைவாக வாழப் பிள்ளையார் அருள்வார், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். சட்டை அளவை மறக்காமல் அனுப்பு, தலைக்குத் தொப்பி போடாமல் வேலைக்குப் போகாதே. கல்யாணத்தன்று முன் இருக்கையில் நான் இருப்பேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். அன்றைக்கு நீதான் கேட்கவேண்டும், கூறையோடு பின்னால் ஏறி இருந்ததும், இடது கால் எங்கை அப்பா என்று.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா நாகபூசணி
(அப்பா ஐயாத்துரைக்கும் சேர்த்து, அவருக்குத் தெரியாமல்)