மூக்கடைப்பு மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை டிப்போவில் டிரைவர்கள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. என்னுடையதில் போதைமருந்து இருப்பதாக வந்திருக்கிறது. பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சத்தியமாக நான் எதையும் தொடவில்லை. லாரி ஓட்டிய காலத்தில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டுச் சீரழிந்தவன்தான். நீதான் சிகிச்சைக்கு இழுத்துப்போனாய். அது முடிந்து நாலு வருஷமாகிறது. போன வாரம் சளி. மருந்துக்கடையில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான். பெரிய ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரமாகுமாம்.

பாப்பாவிடம், அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லாதே. அடுத்த மாதம் அவளை என்னோடு அழைத்துவருவதில் மாற்றமில்லை.

உன் தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

“சத்தியமா தொடலக்கா” என்று நீ முன்பும் மூன்று முறை சொல்லியிருக்கிறாய். சளி மாத்திரையாம்! காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்.

பாப்பாவின் அம்மா போனபோது இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி வந்தேன். இப்போது ஆறு. முன்பல் விழுந்துவிட்டது. அவள் இங்கேயே இருக்கட்டும். நீ இந்தப் பக்கம் வராதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 12

அக்கா,

டிப்போ டாக்டர் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “முதல் சோதனை ஜாடையை மட்டும்தான் பார்க்கும்பா. அண்ணனைப் பார்த்துட்டு தம்பின்னு நினைக்கிற மாதிரி. இந்த மாத்திரைக்கும் அந்த ஜாடை உண்டு. ரெண்டாவது சோதனைதான் முகத்தைப் பார்த்துச் சொல்லும்” என்றார். நம்பாவிட்டால் உன் தெரு மருந்துக்கடையில் கேள்.

ஒரு வரியாவது எழுது. தினமும் தபால்காரரை வழிமறிக்கிறேன்.

தம்பி

மார்ச் 19

அக்கா,

முடிவு வந்துவிட்டது. என் உடம்பில் எந்தப் போதைமருந்தும் இல்லை. திங்கள் முதல் பழைய தடத்திலேயே பஸ். பக்கத்தில் உட்காரவே யோசித்த கண்டக்டர் இன்று டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஆய்வகத்தில்கூட இரண்டாவது தடவை பார்த்தார்கள், அக்கா.

அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. இருபத்தெட்டு, ஞாயிறு காலை வருகிறேன். வாசலில் நிற்கிறேன். பாப்பாவை அனுப்பிவை.

தம்பி

மார்ச் 23

என் தம்பிக்கு,

உன்னைத் திட்டி எழுதிய மறுநாளே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர், “ஆமாம்மா, சளி மாத்திரையால அப்படிக் காட்டறது உண்டு” என்றார். எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ நல்லபடி மீண்டுவர வேண்டும் என்று ஒரு மனசு. வராவிட்டால் இவள் என்னிடமே இருப்பாளே என்று இன்னொரு மனசு. நீ போன் அடித்தபோதெல்லாம் இவளுக்குத் தலைபின்னிக்கொண்டுதான் இருந்தேன். மணி அடிப்பது கேட்டது. நான் உன்னைச் சந்தேகப்பட்டது எட்டாம் தேதி வரைதான், தம்பி. மற்ற நாளெல்லாம் அதைவிடக் கேவலம்.

அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே செருப்பைப் போட்டுக்கொண்டு அலைகிறாள்.

நீ வாசலிலேயே நின்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பையை மட்டும் நீயே உள்ளே வந்து எடுத்துக்கொள். அதை வாசல் வரை தூக்கிவர என்னால் முடியாது.

அக்கா