யாழினியின் அப்பா கொடுத்த பை

வெள்ளிக்கிழமை இரவு

இன்று கம்பெனி வாசலில் முருகேசன் காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் எங்கள் மகன் தருணுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த யாழினியின் அப்பா. மாற்றுக் கல்லீரல் கிடைக்கும் முன்பே, போன மாதம் அவள் போய்விட்டாள்.

ஒரு பையை நீட்டினார். "யாழினிக்காக ஊர்ல பிரிச்ச பணம்ணே. குடுத்தவககிட்டயும் கேட்டுட்டேன். தருணுக்கு வச்சுக்கங்க."

தருணின் ஆபரேஷனுக்கு எங்களுக்கு இன்னும் பாதிப் பணம்கூடச் சேரவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒப்புக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

"ஆபரேசன் முடிஞ்சதும் ஒருதடவ வந்து பாக்கட்டுமாண்ணே?"

"வாங்க" என்றேன்.

வீட்டில் மீனா பையைத் தொடவே இல்லை. "நம்ம பிள்ள பொழச்சிரணுங்க. இல்லேன்னா அந்த மனுசன் ரெண்டாவது தடவையும் ஒரு பிள்ளய..."

பையை நானே எடுத்து பீரோவில் வைத்தேன்.